பிரிண்ட் கொடுத்தால் சாகும் கணினி: சுங்கை சிப்புட் ஃபோட்டோஸ்டேட் கடையில் மூன்று வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கேஸில் மூன்று வாரம் போனது, அதில் முதல் இரண்டு வாரம் வீணானதற்கு நான்தான் காரணம். கடைக்கார அக்கா முதல் நாளே விடையைச் சொல்லிவிட்டார். நான்தான் காதில் வாங்கவில்லை.

இடம் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கிற சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து குவாலா கங்சாருக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிற டவுன். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்திலிருந்து வெளியே வந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் குடியேறியவர்களும் சரி, இன்னும் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களும் சரி, ஐசி (அடையாள அட்டை) நகல் எடுக்க, பாரம் நிரப்ப, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கைப் பார்த்து அச்செடுக்க என்று அக்கா கடைக்குத்தான் வருவார்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை, எல்லாம் ஒரே ஒரு கணினியில். அது நின்றால் கடை நின்ற மாதிரி.

கணினி ஒன்றும் புதிது இல்லை. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி (அதை நான்தான் போட்டுக் கொடுத்தேன்), விண்டோஸ் 10. கணினிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை, பெட்டியோடு வந்தது, ஏறக்குறைய ஒன்பது வருஷம் ஓடியிருக்கிறது. தினமும் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை ஓடும். ஏர்கோன் இல்லை, ஃபேன் மட்டும்.

2025 தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும், அக்கா போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர் தானா செத்து தானா எழும்புது. பிரிண்ட் கொடுத்தா செத்துடுது லா." நான் போய்ப் பார்த்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. கிளம்பும்போது வாடிக்கையாளர் ஒருவர் வந்து ஒரு பக்கம் அச்செடுக்கச் சொன்னார், அக்கா கொடுத்தார், திரை கறுத்தது, பத்து விநாடியில் மதர்போர்டு (கணினியின் தாய்ப் பலகை) லோகோ வந்து நின்றது. விண்டோஸ் தவறு வந்து நிற்கும்போது காட்டும் நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, யாரோ பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகின மாதிரி இருந்தது.

பிரிண்ட் கொடுத்ததும் சாகிறது என்றால் பிரிண்டர் டிரைவர்தான் (விண்டோஸை பிரிண்டரோடு பேச வைக்கும் மென்பொருள்), வேறென்ன? அப்படித்தான் நினைத்தேன். டிரைவரை முழுக்க நீக்கி மறுபடி போட்டேன். அடுத்த நாள் மூன்று முறை செத்தது.

இந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்ததல்லவா, பக்கத்து செல்போன் கடைத் தம்பி "அதான்ணே, அவங்களே நிறுத்துறாங்க" என்று உறுதியாகச் சொன்னான். ஆதரவு முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வராது, அவ்வளவுதான், கணினியை யாரும் தூரத்திலிருந்து அணைப்பதில்லை. அக்காவின் வீட்டுக்காரருக்கு இடி மேல் சந்தேகம். அது நியாயமான சந்தேகம், அக்டோபர் நவம்பரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இங்கே வானம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் கணினி காலை பத்து மணிக்கு, வெயிலில், சாவதையும் பார்த்தாயிற்று. அக்காவின் மருமகன், வைரஸ் என்றார்.

வைரஸ் என்றதும் நான் செய்ததுதான் இந்தக் கேஸிலேயே பெரிய முட்டாள்தனம். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். கோப்புகளை எடுத்து வைத்தேன், எழுத்துருக்களை மறந்துவிட்டேன். அக்காவின் பத்திரிகை மாதிரிகள் பல வருஷமாகச் சேர்த்தவை, பாதி யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய பழைய எழுத்துருக்களில் இருந்தன. திறந்தால் "திருமணம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ பிரெஞ்சு எழுத்தும் டாலர் குறியும். தமிழ் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலை மறுபடி நிறுவி யூனிகோடில் இருந்ததைச் சரி செய்தேன், நம் நாட்டில் பிறந்த மென்பொருள் என்பதால் அக்காவுக்கு அதில் ஒரு தனிப் பிரியம். பழைய எழுத்துருக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போட இரண்டு நாள் ஆனது. இவ்வளவும் முடித்து, புது விண்டோஸில், முதல் பிரிண்ட். செத்தது.

அன்றைக்குத்தான் கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். முதல் நாளே திறந்திருக்க வேண்டும். சிஸ்டம் பதிவுகளில் சிவப்பாக "கெர்னல்-பவர், 41". இந்த 41-ஐப் பார்த்ததும் பலர் நோய் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். பிடிபடவில்லை. கணினி ஒழுங்காக அணையாமல் மறுபடி தொடங்கியிருக்கிறது என்று, எழுந்த பிறகு விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது. ஆள் செத்துவிட்டார் என்று சொல்லும், எப்படிச் செத்தார் என்று சொல்லாது. ஆனால் அதைத் திறந்து விவரங்கள் பக்கத்துக்குப் போனால் இரண்டு வரி உபயோகமானவை. ஒன்று பக்செக்கோட். விண்டோஸ் தானே தவறைக் கண்டுபிடித்து நீலத் திரை போட்டு நின்றிருந்தால் அங்கே ஒரு எண் இருக்கும். இன்னொன்று பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப். யாராவது பட்டனை நான்கு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால் அங்கே எண் இருக்கும். எங்களுடையதில் இரண்டுமே பூஜ்யம். எல்லாப் பதிவிலும். நீலத் திரை வந்தால் விவரம் சேரும் மினிடம்ப் கோப்புறையும் காலி.

இன்னொரு சோதனையும் செய்தேன். சிஸ்டம் பிராபர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில், தவறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் செய்யும் என்ற டிக்கை எடுத்துவிட்டால், நீலத் திரை வந்தால் அது அப்படியே நிற்கும். எடுத்துவிட்டேன். அப்படியும் கணினி நிற்காமல் ரீஸ்டார்ட் ஆனது. அப்படியென்றால் இதை விண்டோஸ் செய்யவில்லை, விண்டோஸின் காலடியிலிருந்து தரையை யாரோ இழுக்கிறார்கள். ஒரு வாரம் முன்னால் இந்த டிக்கை எடுத்திருந்தால் எழுத்துருக்கள் தப்பித்திருக்கும்.

சரி, ஹார்டுவேர். கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ராமைக் கழற்றி, தொடும் முனைகளை ரப்பரால் துடைத்து, திரும்பப் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுக்க ஓட விட்டேன். காலையில் தவறு பூஜ்யம். பிராசஸர் விசிறியில் இருந்த தூசியை எடுத்து, புது பேஸ்ட் போட்டு, பிராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 நிரல் ஒரு மணி நேரம். 71 டிகிரி, அதற்கு மேல் ஏறவில்லை. வெப்பம் இருக்காது என்று முன்பே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. பிராசஸர் தாங்க முடியாத அளவுக்குச் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் அணைந்துவிடும், அணைந்தபின் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். இது உடனே எழுந்து நிற்கிறதே.

நாலு நாள் என் வீட்டில் ஓடியது. ஒரு தடவைகூடச் சாகவில்லை. ராம் சரியாக உட்காராமல் இருந்திருக்கும் என்று தீர்மானித்து, மனத் திருப்திக்கு இன்னொரு 8 ஜிபி ராமும் வாங்கிப் போட்டு (95 வெள்ளி, அதாவது ரிங்கிட், அக்கா காசு), பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். நான் மோட்டார் சைக்கிளை எடுப்பதற்குள் அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்.

வீட்டில் ஓடுகிறது, கடையில் சாகிறது. இது அலுப்பூட்டும் விஷயம் போலத் தெரிந்தாலும் இந்தக் கேஸில் கிடைத்த முதல் நல்ல தடயம் இதுதான். கடையில் இருப்பது என்ன, வீட்டில் இல்லாதது என்ன? நான் கடையின் கரண்டைச் சொன்னேன். எல்லோரும் மறுத்தார்கள், மறுத்ததற்கு அவர்களிடம் காரணமும் இருந்தது. "கரண்டு போனா மானிட்டரும் அணையணும்ல? லைட்டு ஒரு மின்னல்கூட மின்னல தம்பி." உண்மைதான், மானிட்டர் அணைவதில்லை, சிக்னல் இல்லை என்று மட்டும் காட்டும். கேட்டதும் நானும் அடங்கிவிட்டேன். இன்னும் இரண்டு நாள் போச்சு.

அப்புறம் வேறு வழி தெரியாமல் அக்காவிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, சாகும்போதெல்லாம் மணியும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் எழுதச் சொன்னேன். கணினி எதிர்பாராமல் அணைந்ததை விண்டோஸ் குறித்து வைக்கும் 6008 எண் பதிவில் நேரம் இருக்கும், ஆனால் யார் என்ன செய்தார் என்பது அதற்குத் தெரியாது. ஐந்து நாளில் 13 வரிகள். 11 இடத்தில் "பிரிண்ட்" அல்லது "ஃபோட்டோஸ்டேட்". இரண்டு இடத்தில் "லேமினேட்". எழுதியிருந்ததை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது, அறுபது பக்கம் தொடர்ந்து அடித்தபோது ஒன்றும் ஆகவில்லை. சும்மா கிடந்த பிரிண்டர் முதல் பக்கத்துக்கு விழிக்கும்போதுதான் ஆகிறது.

ஃபோட்டோஸ்டேட். இந்த வார்த்தையில்தான் கண் நின்றது. பிரிண்டரின் மூடியைத் திறந்து ஐசியை வைத்து பட்டனை அழுத்தினால் நகல் வரும், அதில் கணினிக்கு வேலையே கிடையாதே. உடனே போய் பிரிண்டரின் யுஎஸ்பி வயரைக் கழற்றினேன். இப்போது கணினிக்கும் பிரிண்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருபது நிமிடம் காத்திருந்து பிரிண்டரில் நகல் பட்டனை அழுத்தினேன். கணினி செத்தது.

டிரைவர், விண்டோஸ், வைரஸ், யுஎஸ்பி, எல்லாம் அந்த ஒரு அழுத்தலில் வெளியே போயின. இரண்டுக்கும் மிச்சம் இருந்த ஒரே உறவு, மேசைக்கு அடியில் கிடந்த ஐந்து ஓட்டை எக்ஸ்டென்ஷன் வயர். கணினி, மானிட்டர், லேசர் பிரிண்டர், லேமினேட்டர், போன் சார்ஜர். எல்லாம் சுவரில் இருந்த ஒரே பிளக் பாயிண்டுக்குப் போயின.

லேசர் பிரிண்டர் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தால் மீதி விளங்கும். டோனர் தூளைத் தாளில் உருக்கி ஒட்ட உள்ளே ஒரு சூடான உருளை இருக்கிறது, பல பிரிண்டர்களில் அதைச் சூடாக்குவது ஒரு ஹாலஜன் விளக்கு. சும்மா கிடக்கும்போது பிரிண்டர் சில வாட்தான் எடுக்கும், விழிக்கும்போது ஆயிரம் வாட் வரை போகும். அதிலும் விளக்கின் இழை குளிர்ந்திருக்கும்போது தடை மிகக் குறைவு, அதனால் முதல் நொடியின் ஒரு துணுக்கில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் பாயும். தொடர்ந்து அடிக்கும்போது உருளை ஏற்கனவே சூடாக இருக்கும், அந்த முதல் பாய்ச்சல் வராது. அறுபது பக்கம் சும்மா போனதற்கு அதுதான் காரணம். லேமினேட்டரும் சூடாக்கும் சாதனம்தான்.

அப்படியானால் மானிட்டர் ஏன் அணையவில்லை? இங்கேதான் நான் ஏமாந்தேன். ஒவ்வொரு பவர் சப்ளைக்குள்ளும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், பைப்பில் தண்ணீர் நின்றாலும் தொட்டியில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டலாமே, அதே கதை. கரண்ட் கண நேரம் நின்றால் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்து ஓட்டும். கணினி பவர் சப்ளை முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லி விநாடியாவது தாங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு அலை 20 மில்லி விநாடி, ஆக ஒரு அலை அளவுக்குக்கூட இல்லை. மானிட்டருக்குத் தேவை குறைவு, அதன் தொட்டி அதற்குப் போதும். கணினியின் தொட்டி ஒன்பது வருஷத்தில் வற்றியிருந்தால்? இந்தக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக உலரும், 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணு வேலைக்காரர்கள் சொல்லும் கணக்கு. ஏர்கோன் இல்லாத கடை. லைட்டைப் பொறுத்தவரை அது வேறு வயரிங், பிளக் பாயிண்டுகளோடு சேராது, அது மின்னாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கரண்ட் குறைந்தால் பவர் சப்ளை மதர்போர்டுக்கு அனுப்பும் "பவர் நல்லாயிருக்கு" என்ற சிக்னல் விழுகிறது, மதர்போர்டு உடனே ரீசெட் ஆகிறது, அந்தச் சிக்னல் திரும்பினால் புதிதாகத் தொடங்குகிறது. விண்டோஸுக்கு ஒரு வரி எழுதக்கூட நேரம் இல்லை. அதனால்தான் இரண்டு பூஜ்யம்.

இந்த இடத்தில் புது பவர் சப்ளை வாங்கிப் போட்டுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போயிருந்தால் கணினியும் ஓடியிருக்கும். ஆனால் இவ்வளவு அவமானப்பட்ட பிறகு எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று. பழைய பவர் சப்ளையோடு கணினியை மட்டும் எதிர்ச் சுவரில் சாமி விளக்குக்கு இருந்த பாயிண்டில் செருகினோம். நான்கு நாள், சாவு இல்லை. அப்புறம் பழைய எக்ஸ்டென்ஷனுக்கே திரும்பக் கொண்டுவந்து, என் வீட்டுக் கணினியின் பவர் சப்ளையைக் கழற்றிப் போட்டோம். மூன்று நாள், சாவு இல்லை. இரண்டில் எதை மாற்றினாலும் குணமாகிறது. பழைய பவர் சப்ளையைத் திரும்பப் போட்டு, எக்ஸ்டென்ஷனை மட்டும் புதிதாக்கினேன், 35 வெள்ளி. இரண்டாம் நாள் காலை முதல் நகலுக்கே செத்தது. அதனால் எக்ஸ்டென்ஷன் இல்லை, அதற்குப் பின்னால் சுவரில் ஏதோ இருக்கிறது.

சுவரை நான் தொடவில்லை. எனர்ஜி கமிஷன் (மின்துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) சான்றிதழ் வைத்திருக்கும் வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டோம், அவர் மெயினை அணைத்துப் பாயிண்டைக் கழற்றியதும் எரிந்த பிளாஸ்டிக் வாடை. நியூட்ரல் வயரைப் பிடிக்கும் திருகு தளர்ந்து, சுற்றி வயரின் உறை பழுப்பேறியிருந்தது. "இது இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கடையே போயிருக்கும் லா," என்றார், அலட்டிக்கொள்ளாமல். தளர்ந்த திருகு, கொஞ்சம் கரண்ட் போகும்போது நல்லவனாக இருக்கும். பெரிய பாய்ச்சல் வரும்போது தொடர்பு கண நேரம் விட்டுத் திரும்பச் சேரும், உள்ளே பொறி பறக்கும். நல்ல பவர் சப்ளை அந்தக் கண நேரத்தைத் தாண்டிவிடும். வற்றியது தாண்டாது. நாங்கள் மூன்று வாரம் ஒரு குற்றவாளியைத் தேடினோம், இருந்தது இரண்டு அரைக் குற்றவாளிகள்.

முன்பு சொல்ல விட்டுவிட்டேன், சில சமயம் கணினி எழும்பாமல் அணைந்தே கிடந்தது, அதுவும் இதில் அடங்கிவிடுகிறது. இடைவெளி கொஞ்சம் நீண்டால் மதர்போர்டைக் காத்து வைக்கும் சிறு 5 வோல்ட்டும் போய்விடும், அப்புறம் பட்டனை அழுத்தினால்தான் எழும்.

பழைய பவர் சப்ளையை நான் திறந்து பார்த்தேன், நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். நான் பல நாள் சும்மா போட்டு வைத்து, மீட்டரில் வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகுதான் கை வைத்தேன். உள்ளே தூசிக் கம்பளம், எறும்புக் கூட்டின் மிச்சம், காய்ந்துபோன பல்லி ஒன்று. பல்லிதான் காரணம் என்று சொல்ல ஆசையாக இருந்தது, கதை நன்றாக இருக்கும், ஆனால் அது எதையும் தொடாமல் ஓரமாகத்தான் கிடந்தது. கணினிக்கு மின்சாரம் வெளியேறும் பக்கத்தில் சின்னக் கெப்பாசிட்டர் இரண்டின் தலை உப்பியிருந்தது. பெரியது பார்வைக்குப் புதிது மாதிரி இருந்தது. கழற்றி அளந்தால், மேலே 270 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருந்ததில் 160 கூட இல்லை.

யூபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி) வாங்கிவிட்டால் முடிந்ததே என்று நடுவில் அக்காவே கேட்டார். வாங்கியிருந்தால் கணினி சாகாது, உண்மை. நாங்களும் சந்தோஷமாக இருந்திருப்போம், சுவருக்குள் அந்தத் திருகு தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்திருக்கும். இப்போது சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கியிருக்கிறோம், இடிக்காலத்தில் கரண்ட் போனால் கோப்பைச் சேமிக்க. அதில் கணினியும் மானிட்டரும் மட்டும். லேசர் பிரிண்டரை யூபிஎஸ் பேட்டரியில் செருகக் கூடாது, அந்தப் பாய்ச்சலை அது தாங்காது. பிரிண்டருக்கும் லேமினேட்டருக்கும் வயர்மேன் தனிப் பாயிண்ட் இழுத்துக் கொடுத்தார்.

செலவு: புது பவர் சப்ளை 189 வெள்ளி, வயர்மேனுக்கு 150, எக்ஸ்டென்ஷன் 35. ராமுக்கான 95-ஐ அக்காவின் கணக்கிலிருந்து கழித்துவிட்டேன், ராம் விற்ற கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை, அதனால் கணினியில் இப்போது 16 ஜிபி இருக்கிறது, பத்திரிகைப் படங்கள் முன்பைவிட வேகமாகத் திறக்கின்றன என்கிறார் அக்கா. விண்டோஸ் 10 கதை பாக்கி இருக்கிறது, இந்தப் பிராசஸரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது, அதை வேறு நாள் பார்ப்போம். நோட்டுப் புத்தகம் இன்னும் மேசையில் இருக்கிறது. பதினான்காவது வரியில் யாரோ ஒருவருடைய லேமினேட் கடன், 4 வெள்ளி.